ஒரு பக்கம், இரண்டு கால்கள்

உரை எழுத எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு பக்கம். கனடாவின் வான்கூவரிலிருந்து வரும் ‘ஆட்பஸ்டர்ஸ்’ பத்திரிகையின் 2016 மே-ஜூன் இதழில் வந்த பகடி விளம்பரம் அது. நுகர்வு மோகத்தை எதிர்ப்பதற்கென்றே நடத்தப்படும் பத்திரிகை. பிரிட்டனில் எடுக்வாஸ் தேர்வு வாரியம் ஏ-லெவல் ஊடகவியலுக்கு இந்த இதழைப் பாடமாகவே வைத்தது. பிரதிநிதித்துவம், கருத்தியல் என்ற தலைப்புகளில் அங்கே பிள்ளைகள் இதை அலசி விடை எழுதினார்கள். அதே விடையை நாமும் எழுதிப் பயனில்லை. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கமிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் வேறு மாதிரி தெரிகிறது. படத்தில் இருப்பது செருப்பு. இந்த இரண்டு மாவட்டங்களும் இப்போது வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் செருப்பு செய்து கொடுக்கப் புறப்பட்டிருக்கின்றன.

மூலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். புழுதி படிந்த இரண்டு கால்கள். முகம் இல்லை, உடம்பு இல்லை. காலில் கிடப்பவை நசுக்கித் தட்டையாக்கிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள். அவற்றைக் கட்டித்தான் யாரோ செருப்பாக்கியிருக்கிறார்கள். கூடவே கிறிஸ்தியன் லூபுத்தான் என்ற பிரெஞ்சுக் காலணி நிறுவனத்தின் பெயர், அதன் வழக்கமான கையெழுத்து வடிவில். சிவப்பு அடிப்பாகம் எந்தப் பருவத்திலும் எடுபடும் என்ற பொருளில் ஒரு வாசகம். அவ்வளவுதான்.

பெயரும் சிவப்பும்

லூபுத்தான் பாரிஸில் 1991ல் கடை திறந்தவர். 1993ல், ஒரு மாதிரிக் காலணி எடுப்பாக இல்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தவர், பக்கத்தில் உதவியாளர் வைத்திருந்த சிவப்பு நகப்பூச்சை வாங்கி அதன் அடியில் பூசினார் என்பது அந்த நிறுவனம் சொல்லிவரும் கதை. அந்தச் சிவப்பு பிறகு சொத்தாகிவிட்டது. 2012ல் இவ் சேன் லோரான் நிறுவனத்துடன் நடந்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை வணிகக் குறியாக ஏற்றது. முழுக்காலணியும் சிவப்பாக இருந்தால் மட்டும் உரிமை செல்லாது என்றது. 2017ல் டில்லி உயர் நீதிமன்றமும் அதை நன்கறியப்பட்ட வணிகக் குறி என்று அறிவித்தது. நடக்கும்போது தரையைத் தொடும் இடத்தில் இருக்கும் ஒரு நிறத்துக்கு இத்தனை காவல்.

பகடி பிறப்பது இங்கேதான். விளம்பரத்துக்குரிய எல்லா உறுப்பையும் பத்திரிகை அப்படியே விட்டுவைத்து, பொருளை மட்டும் மாற்றியிருக்கிறது. வாசகம் செருப்பின் அடியைச் சொல்வதுபோல் தொடங்கி, வெந்து சிவந்த உள்ளங்காலில் போய் முடிகிறது. 1950களின் பிரெஞ்சுச் சூழ்நிலைவாதிகளிடமிருந்து வந்த உத்தி இது. எதிராளியின் குரலிலேயே பேசி எதிராளியைக் கவிழ்ப்பது. பத்திரிகையை 1989ல் பில் ஷ்மால்ஸுடன் சேர்ந்து தொடங்கிய கல்லே லாஸ்ன், அதற்கு முன் தோக்கியோவில் சந்தை ஆய்வு நிறுவனம் நடத்தியவர். விளம்பரக்காரர்களின் வித்தை அத்தனையும் தெரிந்த கை என்பது பக்கத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

ஆனால் இந்தச் சிரிப்புக்கு ஒரு நுழைவுக் கட்டணம் உண்டு. லூபுத்தான் யார், சிவப்பு என்ன விலை என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். பெரம்பலூர் புதிய பேருந்து நிலையத்தில் இந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினால் பெயர் பலருக்கு வெறும் எழுத்தாகத்தான் நிற்கும்; எஞ்சுவது இரண்டு கால்கள். செய்தியைக் கட்டுபவர் ஒரு பொருளை வைத்துக் கட்டுகிறார், பிரிப்பவர் தன் இடத்திலிருந்து பிரிக்கிறார் என்று பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973ல் எழுதியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். லூபுத்தானை வாங்கக்கூடியவர், அல்லது வாங்க முடியாமல் அண்ணாந்து பார்ப்பவர், இவர்களை நோக்கித்தான் பக்கம் பேசுகிறது. நுகர்வோரை வெறுக்கும் பத்திரிகைக்கு நுகர்வோரே வாசகர்.

பாட்டில்

பக்கத்தில் கெட்டிக்காரத்தனமான இடம் இதுதான். வெறுங்காலைக் காட்டியிருந்தால் ஏழ்மை என்ற ஒன்றைத்தான் சொல்லியிருக்க முடியும். பாட்டிலைக் காட்டியதால் எங்கோ ஒருவர் குடித்துத் தூக்கி எறிந்தது இன்னொருவர் காலுக்கு வந்து சேர்ந்த கதையும் கிடைக்கிறது. தண்ணீரை விலைப்பொருளாக்கிய பாட்டில். அதன் குப்பை மட்டும் ஏழைக்கு இலவசம்.

இதற்கு நம்மூர் உரை சேர்க்கலாம். 2013ல் லிட்டர் பத்து ரூபாய்க்கு அரசே அம்மா குடிநீர் விற்றது. 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது தண்ணீர் பாக்கெட் சிக்கியது, பாட்டில் தப்பித்தது. 2017ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூட்டோடு, மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று வணிகர் அமைப்புகள் அறிவித்தன. ‘ஆட்பஸ்டர்ஸ்’ ஊக்கிவிட்ட ‘எதுவும் வாங்காத நாள்’ போலத் தோன்றினாலும் இது அதுவல்ல. இங்கே எதிர்ப்பு வாங்கும் ஆசையின் மேல் வரவில்லை. தாமிரபரணித் தண்ணீரை யார் உறிஞ்சுகிறார்கள் என்ற கேள்வியின் மேல் வந்தது. அறிவித்தவர்கள் விற்பவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

கால்

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் 1957ல் வெளியிட்ட ‘மித்தாலஜீஸ்’ நூலில் ஒரு பத்திரிகை அட்டையை விளக்குகிறார். ‘பாரி மாட்ச்’ இதழ். பிரெஞ்சுச் சீருடையில் ஒரு கறுப்பினச் சிறுவன் சல்யூட் அடிக்கிறான். நேர்ப்பொருள் அவ்வளவே. குறிப்புப்பொருளோ, பிரெஞ்சுப் பேரரசு நிறபேதம் பார்க்காத நல்ல பேரரசு என்பது. சிறுவனுடைய சொந்தக் கதையை வடித்துவிட்டு அந்தக் காலி இடத்தில் பேரரசைக் குடிவைக்கிறார்கள் என்பது பார்த்தின் வாதம்.

‘ஆட்பஸ்டர்ஸ்’ பக்கம் அரசியலில் அதற்கு நேர் எதிர்க்கட்சி. ஆனாலும் கால்களுக்கு நேர்ந்தது ஏறக்குறைய அதேதான். இவை யாருடையவை, எந்த ஊர், பாட்டிலைக் கட்டியது அவரேதானா, அன்றைக்கு எங்கே போய்க்கொண்டிருந்தார், எதுவும் நமக்குக் கிடைக்காது. அவர் வடிக்கப்பட்டு, அந்த இடத்தில் மேற்குலகின் குற்ற உணர்ச்சி குடியேறிவிட்டது. பேரரசின் பெருமைக்குச் சிறுவன் பயன்பட்டான். பேரங்காடியின் வெட்கத்துக்கு இந்தக் கால்கள் பயன்படுகின்றன. தேர்வுத்தாளில் ‘பிறராக்கல்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். அதோடு விடக்கூடாது என்பது என் எண்ணம்.

ஏனென்றால், செருப்பில்லாத கால் நம்மூரில் ஏழ்மையை மட்டும் குறிப்பதில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள் மேல் ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள்; சென்சஸ் அதிகாரியாக இருந்த ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. சட்டை, பனியன் கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் பூ வைக்கக் கூடாது. எட்டாவது, ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. முழுப் பட்டியலையும் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் கடையில் வாங்கும் பொருள். மண்பாத்திரமும் எளிய உடையுமான அந்த வாழ்க்கையை நுகர்வு எதிர்ப்புப் பத்திரிகை ஒன்று இலட்சியமாகப் படம்பிடித்துப் போடலாம். இங்கே அது அடி உதையோடு திணிக்கப்பட்டது. மேலத்தெரு வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்த நினைவு தமிழ்நாட்டில் ராமநாதபுரத்துக்கு மட்டும் சொந்தமில்லை.

ஆகவே புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பதை ‘பொய்யான ஆசை’ என்று ஒரே தட்டில் நிறுத்துவிட முடியாது. பொருள்மோகத்தை எதிர்ப்பவர்கள் தவறவிடும் இடம் இது. பொருள் மறுக்கப்பட்டவருக்கும், பொருள் திகட்டியவருக்கும் ஒரே அறிவுரை எடுபடாது. அம்பேத்கர் படங்களில் கோட்டும் சூட்டும் காலணியும் இருப்பதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. கழிவிலிருந்து செருப்பு என்பது நமக்கு அதிர்ச்சிச் செய்தியும் இல்லை. லாரி டயரை அறுத்துத் தைத்த டயர் செருப்பைக் கரிசல்காட்டிலும் கல் உடைக்கும் இடத்திலும் எத்தனையோ தலைமுறை போட்டிருக்கிறது. முள் ஏறாது, சீக்கிரம் தேயாது. அதைச் செய்தவரின் கைத்திறனை யாரும் பரிதாபமாகப் பார்த்ததில்லை. பாட்டில் செருப்பிலும் ஒரு கைவேலை இருக்கிறது. பக்கம் அதைத் திறமையாகக் காட்டவில்லை, இழிவாகக் காட்டுகிறது.

மண்

பின்னால் தெரிவது வெறும் புழுதித் தரை. வறண்ட, பெயரில்லாத ‘அங்கே’. கால் மாநிறமாகவோ கறுப்பாகவோ இருந்து தரை புழுதியாக இருந்தால் ஊர்ப்பெயர் தேவையில்லை என்று நினைக்கும் பழக்கம் நல்லெண்ணப் பத்திரிகைகளுக்கும் உண்டு.

படத்தில் இல்லாதவர்

லூபுத்தான் காலணியை வாங்குகிறவர் படத்தில் மறைமுகமாக இருக்கிறார். வாங்க முடியாதவர் நேராகவே இருக்கிறார். செய்கிறவர் எங்கே? அவருக்கு இந்தப் பக்கத்தில் நிழல்கூட இல்லை.

2022ல் தமிழ்நாடு அரசு காலணி, தோல் பொருள் கொள்கையை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் காலணிப் பூங்காவுக்கு முதல்வர் மு.க. ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டே அங்கே முதல் ஆலை, அமெரிக்காவின் குரோக்ஸ் நிறுவனத்துக்கான காலணிகளைச் செய்யத் தொடங்கியது. 2024 நவம்பரில் அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தில், தைவான் நிறுவனமான டீன் ஷூஸுக்கு ஆயிரம் கோடி ரூபாய் முதலீட்டில் ஆலை, 15,000 பேருக்கு வேலை என்று அறிவித்து அடிக்கல் நாட்டப்பட்டது. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் என்று மானாவாரியை நம்பியிருந்த பகுதி ஒன்று. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தையும் சிமெண்ட் ஆலைகளையும் அவற்றின் புழுதியையும் பார்த்துப் பழகிய பகுதி மற்றொன்று. இரண்டிலும் இப்போது பெண்களுக்கு மாதச் சம்பளம் என்ற பேச்சு வந்திருக்கிறது.

ஆலைக்குப் போகும் இந்தப் பெண்ணை ‘ஆட்பஸ்டர்ஸ்’ பக்கத்தில் எங்கே நிறுத்துவது? அவர் லூபுத்தான் அணியும் சீமாட்டியும் அல்ல, பாட்டில் கட்டிய காலும் அல்ல. அவர் செய்யும் செருப்பை யாரும் வாங்காவிட்டால் அவருக்கு வேலை இல்லை. வாங்கிக்கொண்டே இருந்தால், சூட்டில் அச்சாகி வரும் அந்தச் செயற்கை நுரைச் செருப்பு கடைசியில் எந்தக் குப்பைமேட்டுக்குப் போகும் என்ற கேள்வி அவர் ஊரையும் விடாது. அரசு மேடைகளில் ஒலிக்கும் ‘வளர்ச்சி’யும் ஒரு கருத்தியல்தான், அதையும் இதே கண்ணால் பிரிக்க வேண்டும்: கூலி என்ன, சங்கம் உண்டா, ஒப்பந்தம் கைமாறினால் ஆலை நிற்குமா. ‘வாங்காதே’ என்ற ஒற்றைச் சொல்லில் இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட எழும்புவதில்லை.

‘வாங்காதே’ என்ற இந்தக் குரலுக்குத் தமிழில் ஒரு முன்னோடி உண்டு. 1929ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி ‘விமோசனம்’ என்ற மதுவிலக்குப் பத்திரிகையை நடத்தினார். துணையாக இருந்தவர் கல்கி. அவருடைய கதைகள் அதில் வந்தன. பத்து இதழோடு நின்றுபோனது. ஒரு பொருளை வாங்காதே என்பதற்காகவே நடத்தப்பட்ட பத்திரிகை என்ற வகையில் ‘ஆட்பஸ்டர்ஸு’க்கு அது மூத்தது. அதிலும் குடிக்கும் ஏழை பேசுபொருள், படிக்கத் தெரிந்தவர் வாசகர். ஆனால் ஆசிரமம் அந்தக் கிராமங்களுக்கு நடுவிலேயே இருந்தது, கதர் நூற்கக் கூலியும் கொடுத்தது. குடிக்காதே என்று சொன்னவர்கள் வேறு என்ன செய்யலாம் என்பதற்கும் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். அவர்கள் மேலிருந்து பார்க்கும் தொனியில் எனக்கு உடன்பாடில்லை. தூரம் மட்டும் அங்கே குறைவு.

பத்திரிகை விற்ற செருப்பு

2004ல் ‘ஆட்பஸ்டர்ஸ்’ ஒரு காரியம் செய்தது. ‘பிளாக்ஸ்பாட்’ என்ற பெயரில் தானே காலணி விற்றது. நைக்கியின் குறிக்குப் பதில் கையால் தீட்டியது போன்ற ஒரு வட்டப் பொட்டு. சணல் துணி, போர்ச்சுகலில் தொழிற்சங்கம் உள்ள ஆலையில் தயாரிப்பு. பிறகு வந்த ஒரு மாதிரிக்கு அடிப்பாகம் பழைய டயர். நம்மூர் டயர் செருப்பு வான்கூவர் வழியாகச் சுற்றி வந்த கதை.

இதைப் பிடித்துக்கொண்டு கனடாவின் ஜோசப் ஹீத், ஆண்ட்ரூ பாட்டர் இருவரும் அதே ஆண்டு ‘தி ரெபெல் செல்’ என்ற நூலில் போட்டுத் தாக்கினார்கள்: கலகமும் ஒரு சரக்குதான், பத்திரிகையே அதை நிரூபித்துவிட்டது என்று. ஊடகவியல் பாடங்களில் இந்தத் தாக்குதல் இப்போது வாய்ப்பாடு. நான் அந்தக் கட்சி இல்லை. பத்திரிகை செய்த பகடிகளைவிட இந்த வியாபாரம் நேர்மையானது என்பேன். பாட்டில் செருப்புப் பக்கத்தை அச்சடிக்க யாருடைய ஆலையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கவில்லை. செருப்பு விற்க வந்தபோது மட்டும் எந்த நாடு, எந்த ஆலை, சங்கம் உண்டா என்று பத்திரிகை வாய்திறந்து சொல்லியாக வேண்டியிருந்தது. எறையூரிலும் ஜெயங்கொண்டத்திலும் வேலைக்குப் போகிறவர் ஒரு பத்திரிகையிடம் கேட்கக்கூடிய கேள்விகள் அவை.