கடிதத்தில் வந்த டீச்சர்

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கையில் விளக்கு, இருட்டு வார்டு, வரிசையாகப் படுத்திருக்கும் சிப்பாய்கள். பள்ளிப் பாடப்புத்தகம் அதோடு நிறுத்திக்கொண்டது. அப்புறம் அந்த அம்மணி என்ன ஆனார்?

கிரிமியப் போர் முடிந்து 1856-ல் இங்கிலாந்து திரும்பினார். உடம்பு போச்சு! அதன்பின் பல வருடங்கள் பெரும்பாலும் வீட்டுக்குள்தான், படுக்கையில்தான். ஆனால், போர் நடக்கும்போதே பொதுஜனம் அவர் பெயரில் சுமார் 44,000 பவுண்டு வசூலித்திருந்தது. (பி.காம். படித்தவன் கண்ணில் தொகைதான் முதலில் படும், என்ன செய்ய!) அந்தப் பணத்தில் 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கியது.

பள்ளியை உருவாக்கியவரால் வகுப்புக்குப் போக முடியாது. எனவே, 1872 முதல் மாணவிகளுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். சௌக்கியமா என்று நாலு வரி இல்லை, நீளமான பாடம். அக்காவின் கணவர் சர் ஹாரி வெர்னி மாணவிகளைக் கூட்டிவைத்து வாசித்துக் காட்டுவார். இன்றைய ஆன்லைன் வகுப்புக்குக் கொள்ளுப்பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒன்றைக் கவனியுங்கள். நர்ஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும், ஏன் கற்பதை நிறுத்தக்கூடாது என்பதெல்லாம் கடிதத்தில் வந்தது. கட்டுப் போடுவதும் நோயாளியைப் புரட்டுவதும் வார்டில், சிஸ்டரின் கண்ணெதிரில்தான்!

நம்மூர்க் கதையும் பழசுதான். சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-லேயே நர்ஸ் பயிற்சி. வேலூரிலும் டெல்லியிலும் 1946-ல் பட்டப்படிப்பு. பிற்பாடு இக்னோ பல்கலைக்கழகம், வேலையில் இருக்கும் டிப்ளமோ நர்ஸ்கள் தொலைதூரக் கல்வியில் பட்டம் வாங்க வழி செய்தது. அவர்களுக்கு ஏற்கெனவே வார்டு அத்துப்படி.

2020 மார்ச்சில் கொரோனா வந்து கல்லூரிகளை மூடியபோதுதான் சிக்கல். வார்டையே சரியாகப் பார்க்காத பெண்களும் செல்போனில் நர்ஸிங் படித்தார்கள். கணக்குப்பதிவியலைத் தபாலில்கூடப் படித்துவிடலாம். பேரேட்டில் தப்பு விழுந்தால் அடித்து எழுதலாம். ரத்தக் குழாயைத் தேடி ஊசி ஏற்றுவதையும், வலியில் துடிப்பவள் வயிற்றைத் தொட்டுக் குழந்தையின் தலை எங்கே என்று கண்டுபிடிப்பதையும் எந்தத் திரை சொல்லித்தரும்?

தர்மபுரி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலை. 2021 தேர்தலில் ஓட்டு மெஷினையே கழுதை சுமந்து போன ஊர். தமிழ்நாட்டில் இப்போது டிப்ளமோவோ பட்டமோ படித்த நர்ஸ்களைத் துணை சுகாதார நிலையங்களில் இடைநிலை சுகாதாரப் பணியாளராக அமர்த்துகிறார்கள். மலையடிவாரத்தில் அப்படி ஒரு நிலையத்தில் உட்காரும் பெண்ணுக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து அறையில் டாக்டர் இருக்கமாட்டார்.

அதற்காக ஆன்லைனே ஆகாது என்று நான் சொல்லவில்லை. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வரும் கிராமத்துப் பெண்ணுக்கு, கல்லூரியில் உடலியல் பாடம் ஆங்கிலத்தில் எக்ஸ்பிரஸ் வேகத்தில் ஓடும். வீடியோவை நிறுத்தலாம், பின்னால் ஓட்டி நாலு தடவை கேட்கலாம். லெக்சரரை அப்படி நிறுத்த முடியுமா? 2021-ல் இந்திய நர்ஸிங் கவுன்சில் பாடத்திட்டத்தைத் திருத்தியபோது செமஸ்டர் முறை வந்தது, பொம்மை நோயாளியிடம் பழகும் சிமுலேஷனும் வந்தது. நல்லதுதான். பொம்மையைக் குத்தினால் வலிக்காது.

கேள்வி வரவு செலவில்தான் இருக்கிறது. வீடியோவால் வகுப்பில் ஒரு மணி நேரம் மிச்சமானால், அது எந்தக் கணக்கில் ஏறுகிறது? மாணவியின் வார்டு நேரத்திலா, கல்லூரியின் சம்பளச் செலவைக் குறைப்பதிலா? உங்கள் வீட்டுப் பெண்ணை நர்ஸிங்கில் சேர்க்கப் போகிறீர்களா? கட்டடத்தையும் கம்ப்யூட்டர் லேபையும் அப்புறம் பார்க்கலாம். முதல் வருடம் எந்த ஆஸ்பத்திரி வார்டுக்கு, வாரத்தில் எத்தனை நாள் அனுப்புவீர்கள் என்று கேளுங்கள்.