ஜாலோ: இத்தாலியக் குற்றத் திரைப்படங்கள்

ஜாலோ, இத்தாலியில் 1960களிலும் 1970களிலும் பெருமளவில் எடுக்கப்பட்ட கொலைமர்மத் திரைப்பட வகை. கறுப்புக் கையுறை அணிந்த முகம் தெரியாத கொலையாளி, கொலையைத் தற்செயலாகப் பார்த்துவிடும் சாட்சி, கடைசி சில நிமிடங்களில் வெளிப்படும் பழைய மனக்காயம் ஆகியவை இதன் அடையாளங்கள். அதே ஆண்டுகளில் போலீஸ்காரர்களையும் நகரத்துக் கொள்ளைக் கும்பல்களையும் மையமாகக் கொண்ட இன்னொரு வகையும் வளர்ந்தது. அதற்குப் பொலிட்சியோத்தெஸ்கோ என்று பெயர். இரண்டும் பெரும்பாலும் குறைந்த செலவில் வேகமாக எடுக்கப்பட்டவை. அன்றைய விமர்சகர்களில் பலர் இவற்றைப் பொருட்படுத்தவில்லை.

பெயர்

ஜாலோ என்றால் இத்தாலிய மொழியில் மஞ்சள். மிலான் நகரின் மொன்டடோரி பதிப்பகம் 1929ல் துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டையில் வெளியிடத் தொடங்கியது. தொடக்கத்தில் வந்தவற்றில் பல ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டவை. சில ஆண்டுகளில் அட்டையின் நிறமே கதைவகையின் பெயராகிவிட்டது. தமிழில் மஞ்சள் பத்திரிகை என்ற சொல்லுக்கு உள்ள பொருளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. முசோலினியின் அரசுக்கு இந்த நாவல்கள் பிடிக்கவில்லை. ஒழுங்கான நாடு என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில் கொலையும் துப்பறிதலும் நடப்பதாக எழுதுவது சங்கடம் தரும் விஷயம்தான். 1941ல் நிறுத்தப்பட்ட வரிசை போர் முடிந்த பிறகே மீண்டும் வெளிவந்தது.

இத்தாலியர்கள் இன்றும் எந்தத் துப்பறியும் கதையையும் ஜாலோ என்றே சொல்கிறார்கள். அகதா கிறிஸ்டியும் அவர்களுக்கு ஜாலோதான். குறிப்பிட்ட ஒரு திரைப்படப் பாணிக்கு மட்டும் இந்தப் பெயரை வைப்பது பெரும்பாலும் வெளிநாட்டு ரசிகர்களின் வழக்கம்.

மரியோ பாவா

ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான மரியோ பாவா 1963ல் எடுத்த 'அளவுக்கு மீறி அறிந்த பெண்' இந்த வகையின் முதல் படமாகக் கருதப்படுகிறது. ஹிட்ச்காக்கை நினைவூட்டும் தலைப்பு, கறுப்பு வெள்ளைப் படம். துப்பறியும் நாவல்களை விரும்பிப் படிக்கும் அமெரிக்கப் பெண் ஒருத்தி ரோமுக்கு வந்த இடத்தில் ஒரு கொலையைப் பார்க்கிறாள். அவள் சொல்வதை யாரும் நம்புவதில்லை. மறு ஆண்டு வந்த 'கொலைகாரனுக்கு ஆறு பெண்கள்' வண்ணத்தில் எடுக்கப்பட்டது. ஆடை வடிவமைப்பு நிலையம் ஒன்றில் அழகிகள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். முகமூடி, தொப்பி, கறுப்புக் கையுறை என்ற கொலையாளியின் உடை இங்கே நிலைபெற்றது. சிவப்பும் பச்சையும் ஊதாவும் கலந்த ஒளியில் பாவா கொலைக்காட்சிகளை அலங்காரமாகவே அமைத்தார். இந்த வகையின் ஈர்ப்பும் அதன் மீதான நியாயமான குற்றச்சாட்டும் இந்தப் படத்திலேயே சேர்ந்து தொடங்குகின்றன. பெண்ணின் சாவை இவ்வளவு அழகாகக் காட்டலாமா என்ற கேள்விக்குப் பின்னால் வந்த படங்களும் தெளிவான பதில் தரவில்லை. பல படங்கள் அந்தக் கேள்வியை எழுப்பிக்கொள்ளவே இல்லை.

பார்த்தும் அறியாத சாட்சி

ரோமில் திரைப்பட விமர்சகராக இருந்த தாரியோ அர்ஜென்டோ, செர்ஜியோ லியோனியின் படம் ஒன்றின் கதையில் பங்கேற்ற பிறகு, 1970ல் 'படிக இறகுப் பறவை' படத்தின் மூலம் இயக்குநரானார். இசை என்னியோ மோரிகோனே, ஒளிப்பதிவு விட்டோரியோ ஸ்டோராரோ. ரோமில் தங்கியிருக்கும் அமெரிக்க எழுத்தாளன் இரவில் ஒரு கலைக்கூடத்தைக் கடந்து போகிறான். உள்ளே கறுப்பு உடை அணிந்த உருவமும் ஒரு பெண்ணும் போராடுவதைப் பார்த்து ஓடுகிறான். அதற்குள் இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு இடையே அடைபட்டுவிடுகிறான். உள்ளே போக முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை. பெண் ரத்தம் சிந்திக் கிடக்க, அவனால் பார்க்க மட்டுமே முடிகிறது. தான் பார்த்ததில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்ற உறுத்தல் படம் முழுக்க அவனைத் துரத்துகிறது. கடைசியில் தெரிவது இதுதான்: கத்தி அந்தப் பெண்ணின் கையில் இருந்தது. ஆண் தாக்குகிறான், பெண் தாக்கப்படுகிறாள் என்று அவன் மனம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது.

1975ல் வந்த 'அடர் சிவப்பு' இதே உத்தியை இன்னும் துணிச்சலாகக் கையாண்டது. இசைக்கலைஞன் ஒருவன் கொலை நடந்த வீட்டுக்குள் ஓடுகிறான். ஓவியங்கள் தொங்கும் நடைவழியைக் கடக்கிறான். பிறகு அந்த ஓவியங்களில் ஒன்று காணாமல் போய்விட்டதாக நினைக்கிறான். அவன் பார்த்தது ஓவியமல்ல, ஒரு கண்ணாடி. அதில் கொலையாளியின் முகம் பிரதிபலித்தது. பார்வையாளருக்கும் அந்த முகம் அதே கணத்தில் திரையில் காட்டப்படுகிறது. எதுவும் மறைக்கப்படவில்லை. இரண்டாம் முறை பார்ப்பவர் அதைத் தெளிவாகவே காண்கிறார், முதல் முறை எப்படித் தவறவிட்டோம் என்று திகைக்கிறார். துப்பறியும் கதையில் ஆசிரியர் துப்புகளை நேர்மையாகத் தர வேண்டும் என்பது பழைய விதி. அந்த விதியை இவ்வளவு நேர்மையாகப் பின்பற்றிய படங்கள் குறைவு. இந்தப் படங்களை ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு ரத்தத்தைவிட இதுவே பெரிய காரணம். காப்ளின் இசைக்குழுவின் இசையும் இந்தப் படத்தில்தான் புகழடைந்தது. நெருக்கக் காட்சிகளில் வரும் கொலையாளியின் கைகள் அர்ஜென்டோவினுடையவை.

கிராமத்தில் ஒரு கொலை

பெரும்பாலான ஜாலோக்கள் வசதியான நகரவாசிகளின் கதைகள். லூச்சியோ ஃபுல்ச்சி 1972ல் எடுத்த படம் விதிவிலக்கு. தென் இத்தாலியக் கிராமம் ஒன்றில் சிறுவர்கள் கொல்லப்படுகிறார்கள். சூனியக்காரி என்று ஊர் ஒதுக்கிவைத்த பெண் மீது சந்தேகம் விழுகிறது. போலீஸ் அவளை விடுவித்த பிறகும் ஊர் ஆண்கள் அவளைக் கல்லறைத் தோட்டத்தில் சங்கிலியால் அடிக்கிறார்கள். பின்னணியில் வானொலியில் காதல் பாட்டு ஓடுகிறது. குற்றுயிராக அவள் புதிய நெடுஞ்சாலைவரை ஊர்ந்து வருகிறாள். விடுமுறைக்குப் போகும் கார்கள் நிற்காமல் கடந்து போகின்றன. உண்மையான கொலையாளி ஊரின் இளம் பாதிரியார். வடக்கின் செழிப்பும் தெற்கின் வறுமையும் ஒரே சாலையில் சந்திக்கும் அந்தக் காட்சிக்கு இணையானது ஃபுல்ச்சியின் பிற்காலப் பேய்ப்படங்களில் இல்லை.

ஈய ஆண்டுகள்

1969 டிசம்பர் 12 அன்று மிலான் நகரின் ஃபொன்டானா சதுக்கத்தில் இருந்த வங்கியில் குண்டு வெடித்து 17 பேர் உயிரிழந்தனர். முதலில் அராஜகவாதிகள் கைது செய்யப்பட்டனர். அவர்களில் ஒருவரான ரயில்வே தொழிலாளி ஜூசெப்பே பினெல்லி, விசாரணையின்போது காவல் தலைமையகத்தின் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். குண்டு வைத்தவர்கள் தீவிர வலதுசாரிகள் என்பது பின்னர் நிறுவப்பட்டது. அடுத்த பத்தாண்டுகள் குண்டுவெடிப்பு, ஆள்கடத்தல், துப்பாக்கிச்சூடு என்று கழிந்தன. 1978ல் முன்னாள் பிரதமர் அல்தோ மோரோ கடத்திக் கொல்லப்பட்டார். இத்தாலியர்கள் இந்தக் காலத்தை ஈய ஆண்டுகள் என்று அழைக்கிறார்கள். ஈயம் துப்பாக்கிக் குண்டைக் குறிக்கிறது.

ஃபொன்டானா குண்டுவெடிப்புக்கு இரண்டு மாதங்களுக்குப் பின், 1970 பிப்ரவரியில், எலியோ பெட்ரியின் படம் ஒன்று வெளியானது. உயர் போலீஸ் அதிகாரி தன் காதலியைக் கொன்றுவிட்டு, வேண்டுமென்றே தடயங்களை விட்டுச் செல்கிறான். தன்னைக் கைது செய்ய யாருக்காவது துணிவு இருக்கிறதா என்று பார்ப்பது அவன் நோக்கம். ஜான் மரியா வொலொன்டே நடித்த இந்தப் படம் சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. கொலையாளி யார் என்ற கேள்வியே இதில் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த உண்மையை யாரும் ஏற்க மறுப்பதுதான் கதை.

இதைத் தொடர்ந்த பொலிட்சியோத்தெஸ்கோ படங்கள் இத்தனை நுட்பமானவை அல்ல. ஸ்டெனோவின் 'போலீஸ் நன்றி சொல்கிறது' (1972) நீதிமன்றம் விடுவித்தவர்களைத் தேடிக் கொல்லும் ரகசியக் குழுவைப் பற்றியது. அதன் வெற்றிக்குப் பின் மௌரிட்சியோ மெர்லி போன்ற நடிகர்கள் சட்டத்தை ஒதுக்கிவிட்டு அறைந்தும் சுட்டும் நீதி வழங்கும் அதிகாரிகளாக வலம் வந்தனர். பாசிசப் படங்கள் என்று இடதுசாரி விமர்சகர்கள் சாடினர். சில படங்களுக்கு அது பொருந்தும். ஆனால் இவற்றில் குற்றத்தின் வேரைத் தேடிப்போகும் அதிகாரி கடைசியில் அடிக்கடி வந்து சேர்வது ஓர் அமைச்சரிடமோ தொழிலதிபரிடமோ தன் மேலதிகாரியிடமோதான். பல படங்களில் அவன் உயிர் பிழைப்பதில்லை. செய்தித்தாள் வாசித்துவிட்டு அரங்குக்கு வந்தவர்களுக்கு அது மிகையாகத் தோன்றியிருக்காது.

இவற்றுள் தனித்து நிற்பது ஃபெர்னாண்டோ டி லியோவின் 'மிலானோ காலிப்ரோ 9' (1972). கீவ் நகரில் பிறந்து மிலானில் வாழ்ந்த ஜார்ஜோ ஷெர்பனென்கோவின் கதைகளிலிருந்து உருவானது. சிறையிலிருந்து வெளிவரும் ஊகோ பியாட்சா 3,00,000 டாலரைப் பதுக்கிவிட்டதாகக் கும்பலும் போலீசும் ஒருசேர நம்புகின்றன. அவன் முகம் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. இடையிடையே இரண்டு போலீஸ் அதிகாரிகள் ஓர் அறையில் வாதாடுகிறார்கள். குற்றவாளியை அடக்கினால் போதும் என்கிறான் ஒருவன், வறுமையை விட்டுவிட்டுத் திருடனை மட்டும் பிடிப்பது வீண் வேலை என்கிறான் மற்றவன். கதையை முன்னகர்த்தாத இந்த வாதங்கள் படத்தின் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்பது உண்மை. அவை இல்லாவிட்டால் அது இன்னொரு கும்பல் படமாக முடிந்திருக்கும்.

அரங்குகளும் தொலைக்காட்சியும்

இத்தாலிய அரங்குகள் முதல், இரண்டாம், மூன்றாம் காட்சி அரங்குகள் என்று தரம் பிரிக்கப்பட்டிருந்தன. புதுப்படம் நகர மையத்தில் ஓடிவிட்டு, மலிவான கட்டணத்தில் புறநகர்களுக்கும் சிற்றூர்களுக்கும் போகும். அந்த அரங்குகளுக்குத் தொடர்ந்து படங்கள் தேவைப்பட்டன. அயல்நாட்டு நடிகர்கள் தங்கள் மொழியிலேயே பேசி நடிக்க, குரல்கள் பின்னர் சேர்க்கப்பட்டன. அதனால் ஒரே படத்தைப் பல நாடுகளில் விற்பது எளிதாக இருந்தது. 1976ல் அரசியலமைப்பு நீதிமன்றம் உள்ளூர்த் தனியார் ஒளிபரப்புக்கு வழிவிட்டபின், வீட்டிலேயே இலவசமாகப் படங்கள் கிடைத்தன. மூன்றாம் காட்சி அரங்குகள் மூடப்பட, அவற்றுக்காக எடுக்கப்பட்ட படங்களும் நின்றன.

பின்னர் வீடியோ நாடாக்கள் வழியாகவும் குறுவட்டுகள் வழியாகவும் புதிய ரசிகர்கள் உருவானார்கள். 2004ல் வெனிஸ் திரைப்பட விழா இத்தாலியின் மறக்கப்பட்ட வணிகப் படங்களுக்குத் தனிப் பிரிவு ஒதுக்கியது. டி லியோவைத் தன் ஆசான்களில் ஒருவராகச் சொல்லும் குவென்டின் டாரன்டினோ அதை முன்னின்று அறிமுகப்படுத்தினார். டி லியோ அதற்கு முந்தைய டிசம்பரில் இறந்திருந்தார்.