சிலாங்கூரின் கிண்ணம் யாருடையது?

மலாயாவைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எம்மவர் மனக்கண்முன் தோன்றுவது, புகையிரதப் பகுதியிலோ அரசாங்கக் கந்தோரிலோ இலிகிதராயிருந்து பென்சனுடன் யாழ்ப்பாணம் திரும்பிய மனிதரும் அவர் கட்டிய கல்வீடுமேயாகும். அந்நாட்டின் வெள்ளீயச் சுரங்கங்களும் இறப்பர்த் தோட்டங்களும் அதன்பின்னரே நினைவுக்கு வருகின்றன. அந்நாட்டு மக்கள் மாலை வேளைகளில் எதற்காக மைதானங்களை நோக்கி நடந்தார்கள் என்ற கேள்வியோ எமக்குத் தோன்றுவதேயில்லை. உதைபந்தாட்டக் கழகமொன்றின் வரலாறு இலக்கியப் பத்திரிகைக்குரிய பொருளா எனச் சில நண்பர்கள் ஐயுறக்கூடும். நாடகக் கொட்டகையிற் கூடியவர்களிலும் பன்மடங்கு மக்கள் எங்கே கூடினார்களோ, அங்கே சமூகத்தின் வரலாறும் ஓரளவு எழுதப்பட்டிருக்கும் என்று நாம் நம்புகிறோம். ஆகவே சிலாங்கூரின் கதையைச் சொல்ல முற்படுகிறோம்.

கதை ஒரு போர்க்கப்பலிலே தொடங்குகிறது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களைச் சேர்த்து ஆங்கிலேயர் அமைத்த கூட்டாட்சி, 1912ஆம் ஆண்டிலே பிரித்தானியக் கடற்படைக்குப் பெரும் போர்க்கப்பலொன்றை அன்பளிப்புச் செய்வதெனத் தீர்மானித்தது. கிட்டத்தட்ட முப்பது இலட்சம் பவுண் செலவாயிற்று. தீர்மானம் செய்த சபையிலே மக்களால் தெரிவுசெய்யப்பட்ட ஒருவர்கூட இருக்கவில்லை. பணமோ, ஏற்றுமதியாகும் வெள்ளீயத்தின்மீதும் இறப்பரின்மீதும் விதித்த தீர்வையிலிருந்தும், அரசாங்கமே ஏகபோகமாக விற்ற அபினிலிருந்தும் திரண்ட பொதுவருவாயாகும். சுரங்கத்திற் சேற்றிலே நின்ற சீனத் தொழிலாளியும், விடியுமுன் பால்வெட்டச் சென்ற தமிழ்த் தொழிலாளியும் தம்மையறியாமலே கட்டிக்கொடுத்த கப்பல் அது. 'மலாயா' என்று பெயர் சூட்டப்பட்ட அக்கப்பல் 1916இல் ஜட்லாந்துக் கடற்போரிலே பங்குபற்றியது. 1921ஆம் ஆண்டு தொடக்கத்தில் அது மலாயாத் துறைமுகங்களுக்கு வருகைதந்தபோது, கப்பலின் உத்தியோகத்தரும் மாலுமிகளும் நன்றியறிதலாக இரண்டு கிண்ணங்களை வழங்கிச் சென்றனர். ஒன்று றக்பி ஆட்டத்துக்கு; மற்றையது உதைபந்தாட்டத்துக்கு. முப்பது இலட்சம் பவுணுக்குக் கைம்மாறு இரண்டு வெள்ளிக் கிண்ணங்கள்! ஏகாதிபத்தியத்தின் கொடுக்கல் வாங்கலில் இதைவிட நேர்மையான கணக்கை நாம் அதிகம் கண்டதில்லை.

அந்த மலாயாக் கிண்ணத்தின் முதலாவது இறுதியாட்டம் அதே ஆண்டிற் கோலாலம்பூரிலே, சிலாங்கூர் கிளப்பின் முன்னாலுள்ள திடலில் நடைபெற்றது. சிங்கப்பூர் சிலாங்கூரை இரண்டுக்கொன்று என்ற கணக்கிலே வென்றது. அடுத்த ஆண்டே சிலாங்கூர் கிண்ணத்தைக் கைப்பற்றிக்கொண்டது.

அத்திடலைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1884இல் நிறுவப்பட்ட சிலாங்கூர் கிளப் பெரும்பாலும் வெள்ளை உத்தியோகத்தரும் தோட்டத்துரைமாரும் மாலையிற் கூடி மதுவருந்தும் இடமாக விளங்கியது. செல்வமும் செல்வாக்குமுடைய ஆசியர் ஓரிருவருக்குக் கதவு திறந்ததுமுண்டு. பணத்துக்கு நிறமில்லை என்பதை ஆங்கிலேயர் அறியாதவரல்லர். ஏனையோர் தத்தம் இனத்தின் பெயராற் கழகங்கள் அமைத்துக்கொண்டனர். மலாயருக்கொன்று, சீனருக்கொன்று, இந்தியருக்கொன்று என்று பிரிந்திருந்தன. எம்மவரான ஈழத் தமிழரோ இந்தியருடன் சேராது தமக்கெனத் தனிச் சங்கம் வைத்துக்கொண்டு பெருமைப்பட்டனர். வேலைத்தலத்திலே மக்களை இனவாரியாகப் பிரித்துவைத்த ஆட்சி, விளையாட்டிலே அவர்கள் தாமாகவே பிரிந்து நிற்பதைக் கண்டு மகிழ்ந்திருக்கும். ஆனாற் கிண்ணத்துக்காக ஆடுவது மாநிலம். மாநிலத்துக்கு ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும்போது, வெல்லவேண்டுமானால், எவன் நன்றாக ஆடுகிறானோ அவனையே எடுக்கவேண்டும். கோடிட்டுப் பிரிக்கப்பட்ட அச்சமூகத்திலே, மலாயனும் சீனனும் தமிழனும் சீக்கியனும் ஒரே சட்டை அணிந்து ஒருவனையொருவன் நம்பிப் பந்தை அனுப்பவேண்டிய இடம் அதுவொன்றாகவே இருந்தது என்று கூறினும் மிகையாகாது. சிலாங்கூர் உதைபந்தாட்டச் சங்கம் 1936இல் உருப்பெற்றது. போருக்கு முன் அம்மாநிலம் ஏழு தடவை கிண்ணத்தைப் பெற்றது. அவற்றுள் இரண்டு சிங்கப்பூருடன் பகிர்ந்துகொண்டவை.

யப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் ஆட்டம் நின்றது. 1948இல் மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டிலேயே ஆங்கிலேயர் அவசரகாலச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தனர். டிசம்பரிலே அதே சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங்காலியிற் பிரித்தானியப் படையினர் ஆயுதமற்ற இருபத்துநான்கு கிராமவாசிகளைச் சுட்டுக் கொன்றனர். அடுத்த ஆண்டு சிலாங்கூர் கிண்ணத்தை வென்றது. இவ்விரண்டு செய்திகளும் ஒரே வரலாற்றுக்குரியவை. விளையாட்டு ஏடுகள் ஒன்றையும், அரசியல் ஏடுகள் மற்றதையும் மட்டுமே சொல்லிவந்திருக்கின்றன.

1957 ஓகஸ்ட் நள்ளிரவிலே, முதலாவது இறுதியாட்டம் நடைபெற்ற அத்திடலில்தான் பிரித்தானியக் கொடி இறக்கப்பட்டது. மறுநாட் காலை, புதிதாகக் கட்டப்பட்ட மெர்டேக்கா மைதானத்திலே துங்கு அப்துல் ரகுமான் சுதந்திரத்தைப் பிரகடனஞ் செய்தார். அவர் மலாயா உதைபந்தாட்டச் சங்கத்தின் தலைவருமாவார். அம்மைதானமே பின்னர் நெடுங்காலம் சிலாங்கூரின் ஆட்டக்களமாயிற்று.

அடுத்த முப்பதாண்டுகள் சிலாங்கூருடையவை. 1956க்கும் 1986க்குமிடையே பத்தொன்பது தடவை கிண்ணம் அதன் கைக்கு வந்தது. 'பந்தின் அரசன்' என்று மக்கள் அழைத்த அப்துல் கனி மின்காட் முதற்பகுதியின் நாயகர். 1962இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிலே மலாயா வெண்கலப் பதக்கம் பெற்றபோது அவரும் அணியிலிருந்தார். 1967இல் சிலாங்கூர் ஆசியக் கழகங்களின் சுற்றுப்போட்டியில் இறுதியாட்டம் வரை சென்று தோற்றது. எழுபதுகளிலே மொக்தார் தகாரி தோன்றினார். லொறிச் சாரதி ஒருவரின் மகனாகிய அவர் செத்தாபாக்கிலே பிறந்தவர். அவர் பந்தை உதைக்கும் வேகத்தைப் பற்றிய கதைகளை மலேசியாவிலே இன்றும் முதியோர் சொல்லக் கேட்கலாம். அவருக்குப் பின்னால் தடுப்பு வரிசையிலே சந்தோக் சிங். அதற்கும் பின்னால் நீண்ட கரங்களுடன் கோலைக் காத்து நின்றவர் ஆர். ஆறுமுகம். 'சிலந்தி மனிதன்' என்பது மக்கள் அவருக்கிட்ட பெயர். ஒரு மலாயர், ஒரு சீக்கியர், ஒரு தமிழர். இவர்கள் எவரும் ஆட்டத்தாற் செல்வந்தரானவரல்லர். அக்காலத்து ஆட்டக்காரர் பகலிலே பொலிசிலோ வங்கியிலோ அரசாங்கக் கூட்டுத்தாபனத்திலோ வேலைசெய்து, மாலையிலே பயிற்சிக்கு வந்தவர்கள். மொக்தார் சிலாங்கூர் மாநில அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் ஊழியர்.

இப்பொற்காலத்தின் நடுவிலே 1969 மே மாதம் வருகிறது. பொதுத் தேர்தலின் பின், அம்மாதம் 13ஆம் திகதி மாலை, கோலாலம்பூரின் கம்போங் பாருவில் உள்ள சிலாங்கூர் மந்திரி பெசாரின் இல்லத்தின் முன் ஊர்வலத்துக்கெனத் திரண்ட கூட்டத்தைச் சூழ்ந்து கலவரம் மூண்டது. அரசாங்கக் கணக்கின்படியே 196 பேர் மாண்டனர். மாண்டவருட் பெரும்பாலோர் சீனர். வீடிழந்தவர்களுக்கு அடைக்கலம் அளிக்க மெர்டேக்கா மைதானம் திறந்துவிடப்பட்டது. முன்பு கிண்ண ஆட்டங்களுக்கு மக்கள் வந்து நிறைந்த படிக்கட்டுகளிலே இப்போது குழந்தைகளுடனும் மூட்டைகளுடனும் அகதிகள் தங்கினர். அதே ஆண்டிலே சிலாங்கூர் கிண்ணத்தையும் வென்றது. பல இனத்தவர் சேர்ந்த அவ்வணியின் ஆட்டக்காரர் ஒருவரையொருவர் முதன்முறையாக மீண்டும் சந்தித்த பயிற்சி மாலை எப்படியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். இந்நாட்டிலே 1958ஐயும் 1983ஐயும் கண்ட எமக்கு அவ்வாறு எண்ணிப் பார்ப்பது கடினமன்று. ஒரு பந்து இனப்பகையைத் தீர்த்துவிடும் என்று பேசுவோருடன் நாம் உடன்படோம். மைதானத்தில் ஒற்றுமை இருந்தது. அதன் மதிலுக்கு வெளியே நிலமும் கூலியும் உத்தியோகமும் இனத்தின் பெயராற் பங்கிடப்பட்டன. பந்தால் அம்மதிலைத் தாண்ட முடியவில்லை.

அந்த மந்திரி பெசார் ஹருன் இட்ரிஸ், சிலாங்கூர் உதைபந்தாட்டச் சங்கத்தின் நெடுங்காலத் தலைவருமாவார். அணிக்கு அவர் காட்டிய ஆதரவை எவரும் மறுப்பதற்கில்லை. அவரது காலத்திலேதான் கிண்ணங்கள் குவிந்தன. ஆனாற் புரவலரின் கை எவ்வளவு நீளுமென்பதற்கும் அவரே சான்று. 1975 யூலையில் முகம்மது அலியும் யோ பக்னரும் மோதிய குத்துச்சண்டையை மெர்டேக்கா மைதானத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அதற்காக, விவசாயிகளும் மீனவரும் சேர்ந்த கூட்டுறவு இயக்கத்திலிருந்து பிறந்த மக்கள் வங்கியை ஈடாக நிறுத்தப் பொய்யாவணம் செய்தார் என நீதிமன்றம் தீர்த்து அவரைச் சிறைக்கு அனுப்பியது. பின்னர் மன்னிப்புக் கிடைத்தது. அரசியற் பகையால் அவர் பழிவாங்கப்பட்டார் என்போரும் உளர். அவ்வழக்கை மீண்டும் விசாரிப்பது எமது நோக்கமன்று. மக்கள் சேமித்த பணம், மக்கள் நேசித்த விளையாட்டு என்ற இரண்டுக்கும் ஒரே மனிதர் தலைவராயிருந்தார் என்பதையே நாம் கவனிக்கிறோம்.

1978இல் அதே மைதானத்தில் இங்கிலாந்தின் இரண்டாம் அணியுடன் மலேசியா ஒன்றுக்கொன்று எனச் சமநிலை கண்டது. மலேசியாவின் கோலை அடித்தவர் மொக்தார். 1980இல் தென்கொரியாவை வீழ்த்தி மொஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்றது. அரசாங்கமோ அமெரிக்காவின் அழைப்புக்கிணங்கி ஒலிம்பிக்கைப் பகிஷ்கரித்தது. ஆட்டக்காரரை எவரும் கேட்கவில்லை. ஆறுமுகம் 1988இல் வாகன விபத்தில் மாண்டார். மொக்தார் நரம்பு நோயால் 1991இல், முப்பத்தேழாவது வயதிற் காலமானார்.

இதற்கிடையே 1974இற் கோலாலம்பூர் கூட்டரசின் நேரடி ஆட்சிக்குட்பட, சிலாங்கூர் தன் தலைநகரை இழந்தது. புதிய தலைநகரான ஷா ஆலம், சுங்கை ரெங்கம் என்ற தோட்டம் இருந்த நிலத்திலே எழுந்தது. 1994இல் அங்கே எண்பதினாயிரம் பேர் அமரக்கூடிய பெருமைதானம் திறக்கப்பட்டது. தோட்டங்கள் நகரங்களாவதைக் குறைகூற நாம் வரவில்லை. ஆனால் கோயிலும் கள்ளுக்கடையும் பாடசாலையும் இருந்த தோட்டத்தில் ஒரு பந்துத் திடலும் இருந்தது. தோட்டம் விற்கப்பட்டபோது லயத்து மக்கள் நகரப்புறத்துக் குடிசைகளுக்கும் தொடர்மாடிகளுக்கும் சென்றனர். திடல் அவர்களுடன் செல்லவில்லை. ஆறுமுகம், ராஜகோபால் போன்றோருக்குப் பின் மாநில அணிகளிலே தமிழ்ப் பெயர்கள் ஏன் அருகின என்று கேட்போர், விடையின் ஒரு பகுதியையாவது நிலவிற்பனை உறுதிகளிலே தேடவேண்டும் என்பது எம் கருத்து.

1989இல் அரைத்தொழின்முறையும், 1994இல் முழுத்தொழின்முறையும் வந்தன. ஆட்டக்காரன் இனிமேற் சம்பளம் பெறும் தொழிலாளி. ஆயினும் தொழிலாளிக்குரிய பாதுகாப்பு வருமுன்னரே சூதாட்டத் தரகன் வந்துவிட்டான். ஆட்டங்கள் விலைபோன செய்தி வெளியாகி, நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர் விசாரிக்கப்பட்டனர். பலர் விளையாட்டிலிருந்து நீக்கப்பட்டனர். சிலர் வழக்கு விசாரணையின்றியே தூர ஊர்களுக்குக் கடத்தப்பட்டு, அங்கேயே தங்கவேண்டுமெனக் கட்டளையிடப்பட்டனர். அதற்குப் பயன்பட்ட சட்டம் 1933இல் ஆங்கிலேயர் இயற்றியது! இலஞ்சம் வாங்கியவனை நாம் நியாயப்படுத்தவில்லை. சுதந்திர நாடொன்று தன் உதைபந்தாட்டக்காரனைத் திருத்தக் குடியேற்ற ஆட்சியின் பழைய சவுக்கையே எடுத்தது என்பதுதான் உறுத்துகிறது. அச்சட்டம் 2011இலேயே நீக்கப்பட்டது.

அப்புயலின் நடுவிலும் 1995, 1996, 1997 ஆகிய மூன்றாண்டுகளிலும் சிலாங்கூரே கிண்ணத்தைப் பெற்றது. 2005இல் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டே மூன்று விருதுகளை ஒருங்கே வென்றது. அவ்வாண்டுக் கோல்களிற் பலவற்றை அடித்தவர் இந்தோனேசியரான பம்பாங் பமுங்காஸ். 2015இல் முப்பத்துமூன்றாவது தடவையாகக் கிண்ணம் வந்தது. அவ்வளவு தடவை வென்ற மாநிலம் வேறில்லை. அதன்பின் ஆட்டத்தின் பொருளாதாரமே மாறிவிட்டது. தெற்கே ஜொகூரில் இளவரசரின் ஆதரவில் எழுந்த கழகம் 2014 முதல் 2024-25 பருவம் வரை லீக் பட்டத்தை எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சிலாங்கூரிலும் 2018இல் சங்கத்தின் தலைமை மந்திரி பெசார்களின் வட்டத்திலிருந்து இளவரசரிடம் சென்றது. 2021இலிருந்து அணி, சங்கத்தினின்றும் பிரிக்கப்பட்ட தனிக் கழகமாக ஆடுகிறது. பெயர் மாநிலத்துடையது; செந்நிறமும் மஞ்சளும் மாநிலத்துடையவை; வாயிலிலே சீட்டு வாங்குபவர்களும் மாநிலத்து மக்களே. முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு ஆசனம் இல்லை. 1912இன் சபையிலும் இல்லை.

ஷா ஆலம் மைதானம் 2020இற் பாதுகாப்பற்றதெனப் பூட்டப்பட்டது. முப்பதாண்டும் சரியாக உழைக்காத அக்கட்டடத்தை இடிக்கும் வேலை 2024இல் தொடங்கியது. அவ்வாண்டு மே மாதத்திலே கழகத்தின் முன்னணி ஆட்டக்காரர் பைசல் ஹலிம்மீது கடைத்தொகுதி ஒன்றில் எவனோ அமிலம் வீசினான். உடலிலே கடும் எரிகாயங்கள். சில நாட்களிலே ஜொகூருடன் ஆடவேண்டியிருந்தது. தன் ஆட்டக்காரரின் உயிருக்கு அஞ்சிச் சிலாங்கூர் ஆடச் செல்ல மறுத்தது. ஆட்டம் எதிரணிக்கு வழங்கப்பட்டது. கழகத்துக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. பைசல் ஹலிம் பல சத்திரசிகிச்சைகளின் பின், அவ்வாண்டு முடிவதற்குள் மீண்டும் செஞ்சட்டை அணிந்து ஆட இறங்கினார். பெத்தாலிங் ஜெயாவின் சிறிய மைதானத்திலேதான் அப்போது கழகம் ஆடிக்கொண்டிருந்தது.