உடைந்த வளையலும் ஒளிர்கிண்ணமும்: கார்னிவல் கண்ணாடித் தொகுப்பு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்கில் அமைந்துள்ள கெலாங் பாத்தா என்னும் ஊர்ப்பெயர், மலாய்மொழியில் ‘உடைந்த வளையல்’ எனப் பொருள்படும். உடைந்ததொரு பொருளைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் இவ்வூர், கண்ணாடிப் பொருள்களின் வரலாற்றை எண்ணத் தூண்டுகிறது. பழங்கண்ணாடிக் கிண்ணங்களைச் சேகரித்தல் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்னும் கருத்து நம்மிடையே நிலவுகிறது. அப்பொழுதுபோக்கு எந்நிலையில் வரலாற்றுச் சான்றாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய முனைகிறது.

இன்று தொகுப்பாளர்கள் பெரிதும் நாடும் கார்னிவல் கண்ணாடியை அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவைச் சார்ந்த ஃபென்டன் நிறுவனம் 1907-ஆம் ஆண்டின் இறுதியில் சந்தைக்குக் கொணர்ந்தது. அச்சில் அழுத்தி வார்த்த கண்ணாடியின் சூடு ஆறுமுன் அதன்மீது உலோக உப்புக் கரைசலைத் தெளிப்பர். படியும் மெல்லிய படலம், நீர்மேல் பரவிய எண்ணெய்போலப் பல நிறம் காட்டும். டிஃபனியின் விலையுயர்ந்த கைவினைக் கண்ணாடியை வாங்க இயலாத குடும்பங்களுக்கு இது மலிவான மாற்றாயிற்று. நார்த்வுட், இம்பீரியல் முதலிய நிறுவனங்களும் விரைந்து இத்தொழிலில் இறங்கின. 1920-களில் சிட்னியின் கிரவுன் கிரிஸ்டல் நிறுவனம் கங்காரு, ஈமு, குக்கபரா ஆகியவற்றின் உருவம் பொறித்த கிண்ணங்களை வார்த்தது. மண்ணின் அடையாளம் அச்சிலேயே பதிந்தமைக்கு இவை நல்ல சான்றுகள்.

இவ்விடத்தில் ஒன்று கருதத்தக்கது. ‘கார்னிவல் கண்ணாடி’ என்பது உற்பத்தியாளர் இட்ட பெயரன்று. ஃபென்டன் இதனை ‘இரிடில்’ என்றே விற்றது. கேளிக்கைச் சந்தைகளில் இவை பரிசாக வழங்கப்பட்டன என்னும் கருத்தின் அடிப்படையில் 1950-களில் தொகுப்பாளர் வழங்கிய பெயரே நிலைத்தது. எனவே, பழைய விலைப்பட்டியலில் இப்பெயரைத் தேடும் ஆய்வாளர் ஏமாற்றமே அடைவார். பிற்காலச் சொல்லை முற்காலத்தின்மேல் ஏற்றிவிடும் இடர், இலக்கிய வரலாற்றில் நாம் நன்கறிந்ததேயாகும்.

இந்தியாவிற்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. வளையல் தொழிலுக்குப் பெயர்பெற்ற உத்தரப் பிரதேசத்துப் பிரோசாபாத் நகரின் ஜெயின் கண்ணாடித் தொழிலகம் இவ்வகைப் பொருள்களை உருவாக்கியது. கிண்ணங்களைவிடக் குவளைகளும் பூச்சாடிகளுமே அவற்றுள் மிகுதி. யானை, மீன், வளையணிந்த கை ஆகிய வடிவங்களில் அமைந்த சாடிகள் தனிச்சிறப்புடையன. சில குவளைகளில் ‘ஜெயின்’ என்னும் பெயர் ஆங்கில எழுத்துகளில் அச்சு வேலைப்பாட்டினூடே காணப்படுகிறது. இப்பெயரைக் கண்டு, பொருள்களை ஒப்பிட்டு, தொழிலகத்தின் வரலாற்றைத் துருவியெடுத்தவர்கள் பெரும்பாலும் மேலைநாட்டுத் தொகுப்பாளர்களே. நம் பல்கலைக்கழகங்கள் கல்வெட்டையும் ஏட்டையும் தேடிய அளவிற்கு வீட்டு அலமாரியைத் தேடவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எனினும், பொருளின் அடையாளம் மட்டும் போதாது. ஃபென்டன் தன் கார்னிவல் கண்ணாடியில் முத்திரையிடத் தொடங்கியது 1970-இல்தான். நார்த்வுட்டின் முத்திரையை ஒத்த குறியைப் பிற்கால மறுவார்ப்புகளிலும் காணலாம். அடிப்பாகத்தை வெளிச்சத்தில் பிடித்து மூலக் கண்ணாடியின் நிறத்தை அறியலாம். அப்பொருள் எவ்வழியே இங்கு வந்தது என்பதை அது சொல்லாது.

ஜொகூர் தரும் எடுத்துக்காட்டு இங்கு நினைக்கத்தக்கது. இங்கு அரசுப் பணியாற்றிய ஜெரால்ட் கார்ட்னர், ஜொகூர் ஆற்றுப் பகுதியில் கிடைத்த பழமணிகளைக் கொண்டு, மலாயாவிற்கும் ரோமப் பேரரசிற்கும் இடையே கடல்வழித் தொடர்பு இருந்ததென 1937-இல் ராயல் ஆசியக் கழக இதழில் எழுதினார். அம்முடிவை ஏற்கலாம், மறுக்கலாம். ஆயின், கிடைத்த இடம் பதிவாகியிருப்பதாலேயே அம்மணிகளைப் பற்றி இன்றும் வாதிட முடிகிறது.

1998-இல் இரண்டாம் பாலம் திறக்கப்பட்டதும், 2006-இல் இஸ்கந்தர் வளர்ச்சித் திட்டம் தொடங்கியதும் கெலாங் பாத்தா வட்டாரத் தோட்ட நிலங்களை நகர்ப்புறமாக்கின. வீடு மாறும்போது பித்தளைக் குடம் உடன் செல்லும். கண்ணாடிக் கிண்ணம் பெரும்பாலும் பின்தங்கிவிடும். அதனை யார் வாங்கினார், எக்கடையில், எந்தத் திருமணத்தின்பொருட்டு, பண்டிகை நாளில் அதில் என்ன பரிமாறப்பட்டது என்பனவற்றைப் பாட்டிமாரிடம் கேட்டு எழுதிவருமாறு தமிழாசிரியர்கள் மாணவர்களைப் பணிக்கலாம். அலமாரி காலியாகுமுன் அது நிகழவேண்டும்.