கொச்சி யூதர் ஆவணங்களும் மொழி அடையாளமும்

கொச்சி யூதர் வரலாற்றுக்குரிய மூலங்கள் இன்று ஓரிடத்தில் இல்லை. சேர மன்னன் அளித்த செப்பேடு மட்டாஞ்சேரிப் பரதேசி யூதப்பள்ளிக்கு உரியது. டச்சுக் கும்பினியின் மலபார் ஆவணங்கள் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எபிரேயக் கையெழுத்துப்படிகளுள் ஒரு பகுதி கேம்பிரிட்சுப் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தது. 1950களில் இச்சமுதாயத்தாருள் பெரும்பான்மையோர் இசுரேலில் குடியேறியபோது பெண்டிரின் மலையாளப் பாட்டேடுகளும் அவர்களுடன் சென்றன. அவற்றின் படிகளும் பாடல்களின் ஒலிப்பதிவுகளும் எருசலேம் நூலகங்களில் இடம்பெற்றன. இவற்றைப் பாதுகாப்பது பற்றி நிறையப் பேசப்படுகிறது. பாதுகாக்கப்பட்டவை எந்த மொழியின் சான்றுகளாக அடையாளம் காணப்பட்டன, எவ்வாறு மொழிபெயர்க்கப்பட்டன என்ற வினா அத்துணை எழுப்பப்படவில்லை. இக்கட்டுரை அவ்வினாவை எடுத்துக்கொள்கிறது.

செப்பேடும் அதன் சொற்களும்

பாஸ்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து இசுப்பு இறப்பானுக்கு வழங்கிய உரிமைகளைக் கூறும் இச்செப்பேடு வட்டெழுத்தில், இடையிடையே கிரந்த எழுத்துகளுடன் பொறிக்கப்பட்டது. கி.பி. 379இல் இது வழங்கப்பட்டது என்பது சமுதாய மரபு. ஏட்டின் மொழியோ எழுத்தோ அதற்கு இடம் தரவில்லை. ஆட்சியாண்டு 'இரண்டாமாண்டைக்கு எதிர் முப்பத்தாறாமாண்டு' எனக் குறிக்கப்பட்டுள்ளது. பாண்டியர் கல்வெட்டுகளைப் பயின்றோர்க்கு இந்த 'எதிர்' பழக்கமானதே. இரண்டும் முப்பத்தாறும் கூட்டி முப்பத்தெட்டாம் ஆட்சியாண்டு என்று கொள்வர். இவ்வகையில் ஏட்டின் காலம் ஏறத்தாழ கி.பி. 1000 என இன்று ஏற்கப்படுகிறது. அறுநூறாண்டு இடைவெளியைத் தீர்த்ததில் மொழிச் சான்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

குண்டெர்ட்டு 1844இல் சென்னை இதழொன்றில் இவ்வகைச் செப்பேடுகளை ஆராய்ந்தார். ஊல்ட்சு 'எபிகிராஃபியா இண்டிகா' மூன்றாம் தொகுதியில் (1894-95) யூதர் ஏட்டைப் பதிப்பித்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஏட்டில் வரும் 'எழுபத்திரண்டு வீடுபேறு' என்னும் தொடரை மொழிபெயர்ப்பாளர் நின்று நோக்க வேண்டும். இன்றைய தமிழ் வாசகர்க்கு வீடுபேறு என்பது முத்தி. ஏட்டிலோ 'விடு' என்னும் வினையின் நேர்ப்பொருள் உயிருடன் நிற்கிறது. அரசு தன்னிடமிருந்து விட்டுக்கொடுத்த உரிமைகளைப் பெறுதலே அங்கு வீடுபேறு. பாவாடை என்பதும் அத்தகையதே. நடக்கும் வழியில் பாவப்படும் துணி, உடுக்கும் ஆடையாகப் பொருள் மாறிவிட்டது. பகல்விளக்கு, குடை முதலியவற்றோடு அது சேர்ந்து வருவதைக் கொண்டே பொருள் துணிய வேண்டும். தமிழ் அறிந்தவர் என்பதாலேயே தவறக்கூடிய இடங்கள் இவை.

'அஞ்சுவண்ணம்' மேலும் சிக்கலானது. அதனை யூதர்க்குரிய ஒரு சிற்றரசு அல்லது குடியிருப்பு எனக் கொண்ட காலம் உண்டு. ஐந்து வண்ணம் என்று பிரித்துச் சாதிப்பொருள் கண்டோரும் உளர். பாரசீக 'அஞ்சுமன்' என்பதன் தமிழ் வடிவமாக, மேற்காசிய வணிகர் குழுவின் பெயராக, அதனைக் கொள்வதே இன்று பொருத்தமாகத் தோன்றுகிறது. தீர்த்தாண்டதானத்துக் கல்வெட்டில் (1269) மணிக்கிராமத்தோடு அஞ்சுவண்ணமும் இடம்பெறுகிறது. பல்சந்தமாலையில் அச்சொல் இசுலாமியரைச் சார்ந்து வருகிறது. ஆகவே அஞ்சுவண்ணம் யூதர்க்கு மட்டும் உரிய பெயரன்று. கொடை பெற்றவன் ஒரு நாட்டை ஆண்டானா, வணிகக் குழுவொன்றின் தலைவனாக உரிமை பெற்றானா என்பது இந்த ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பைச் சார்ந்தது.

இதில் சமுதாயத்தின் உள்விவகாரம் ஒன்றும் அடங்கியுள்ளது. பதினாறாம் நூற்றாண்டு முதல் வந்து சேர்ந்த பரதேசியர் 1568இல் தம் பள்ளியை எழுப்பினர். செப்பேடும் அவர்கள் காவலில் இருந்தது. அவர்களுக்கு முன்னரே இந்நாட்டில் வாழ்ந்த மலபாரி யூதர் அவ்வேட்டின் மரபு தமக்கே உரியது என்றனர். ஓர் ஆவணத்தை வைத்திருப்பவரே அதன் வரலாற்றுக்கு உரியவர் ஆகிவிடும் நிலை நூலகங்களிலும் காணப்படுவதுதான்.

கேம்பிரிட்சுத் தொகுப்பு பற்றிச் சிறிது கூறலாம். கிளாடியசு புக்கானன் 1806-08 ஆண்டுகளில் கொச்சிப் பகுதியிலிருந்து எபிரேயப் படிகள் பலவற்றைச் சேகரித்தார். செந்நிறம் ஊட்டிய 37 தோல்களாலான தோராச் சுருள் ஒன்று அவற்றுள் உண்டு. தாமசு யேட்சு அதனை ஒப்புநோக்கி 1812இல் நூல் வெளியிட்டார். செப்பேட்டின் படியொன்றையும் புக்கானன் செம்பிலேயே பொறிக்கச் செய்து அந்நூலகத்தில் சேர்த்தார்.

பாட்டேடுகள்

எபிரேயம் ஆடவர் வழிபாட்டு மொழியாக இருக்க, பெண்டிர் திருமணத்திலும் திருநாளிலும் மலையாளத்தில் பாடினர். பாடல்களை மலையாள எழுத்தில் ஏடுகளில் எழுதிவைத்து, தாயிடமிருந்து மகளும் அத்தையிடமிருந்து மருமகளும் படியெடுத்தனர். ஏறக்குறைய முந்நூறு பாடல்கள் இவ்வாறு கிடைத்துள்ளன. சொற்களைச் சேர்த்தெழுதுதல், எழுத்து வேறுபாடு, பொருள் மறைந்த பழஞ்சொல் ஆகியவை ஏடுகளில் மிகுதி. பதிப்பாசிரியர் இவற்றைப் பிழை எனத் திருத்தினால் மொழிவரலாறு மறையும். திருத்தாமல் விட்டால் வாசகர்க்குப் பொருள் மறையும். திருத்தாத படியை முதலில் அச்சிட்டு, திருத்தத்தை அதன் அருகில் தருவதே முறை என்பது எம் கருத்து.

பரதேசியர் ஏடுகளிலும் மலபாரியர் ஏடுகளிலும் பல பாடல்கள் பொதுவாக உள்ளன என்பதைப் பார்பரா ஜான்சன் எடுத்துக்காட்டியுள்ளார். பள்ளியில் ஒன்றாக அமராதவர்கள் ஒரே பாட்டைப் பாடினர் என்பது செப்பேடு கூறாத வரலாறு. கொச்சியில் பிறந்த ரூபி டானியல் இப்பாடல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஜான்சனுடன் இணைந்து அவர் எழுதிய தன்வரலாறு 1995இல் வெளிவந்தது. சக்கரியா சக்கறியாவும் ஒஃபிரா கம்லியேலும் பதிப்பித்த தொகுப்பைப் பென்-சுவி நிறுவனம் 2005இல் மலையாள மூலத்தோடும் எபிரேய மொழிபெயர்ப்போடும் வெளியிட்டது. அதன் தலைப்பின் முதற்சொல் 'கார்குழலி'. தமிழ் வாசகர்க்கு அதற்கு உரை வேண்டா.

பாடல்களுக்கு அப்பால் 'தம்சீர்' என்னும் மரபும் உண்டு. எபிரேய மூலத்தைச் சொல்லுக்குச் சொல் மலையாளத்தில் பெயர்த்துச் சிறுவர்க்குக் கற்பித்தனர். தொடரமைப்பு எபிரேயத்தினுடையது, சொல் மலையாளத்தினுடையது. அரபு 'தஃப்சீர்' என்பதோடு இப்பெயர் தொடர்புடையது என்பர். நம் உரைமரபின் பதவுரையோடு ஒப்பிட்டு ஆராயத்தக்க பொருள் இது. பேச்சிலும் இருமொழிக் கலப்பு இயல்பாக நிகழ்ந்தது. ஒருவர் இறந்ததை 'ஷாலோம் ஆயி' என்றனர். அமைதி எனப் பொருள்படும் எபிரேயப் பெயர்ச்சொல்லோடு திராவிடத் துணைவினை சேர்ந்த இவ்வமைப்பு, தமிழில் 'காலமானார்' என்பதை ஒத்த இடக்கரடக்கல். இதனை எபிரேய அகராதியில் மட்டும் தேடுபவர்க்கும் மலையாள அகராதியில் மட்டும் தேடுபவர்க்கும் பொருள் கிட்டாது.

சென்னை ஆவணங்கள்

டச்சுக் கும்பினியின் தலைமை வணிகராகவும் தூதராகவும் விளங்கிய எசேக்கியேல் இராகபியின் (1694-1771) காலத்து மட்டாஞ்சேரியை அறியச் சென்னையிலுள்ள டச்சு ஆவணங்கள் இன்றியமையாதவை. பழைய டச்சு மொழியைப் படிக்க வல்லார் நம்மிடையே சிலரே. ஆட்பெயரும் இடப்பெயரும் டச்சுக் காதுக்குக் கேட்டபடி எழுதப்பட்டிருப்பதால், அம்மொழி அறிந்தவரும் மலையாள வடிவத்தை மீட்டெடுக்க இடர்ப்படுவர். எனவே முதலில் வேண்டுவது முழு மொழிபெயர்ப்பன்று. ஒரே பெயரின் டச்சு, எபிரேய, மலையாள, தமிழ் வடிவங்களை அருகருகே தரும் பெயரடைவு. செப்பேட்டின் இசுப்பு இறப்பானை எபிரேயத்தில் யோசேஃப் ரப்பான் என்று தேடும் ஒருவர் எருசலேமிலிருந்தும் மட்டாஞ்சேரிக்கு வந்து சேர அதுவே வழி.