தணற்குழியின் வரலாறு

செங்கல்லை அடுக்கி, அதன்மீது இரும்புக் கம்பித் தட்டை வைத்து, கரியிட்டு இறைச்சி வாட்டும் வழக்கம் இன்று நம் நாட்டு வீட்டுக் கொல்லைகளிலும் காணப்படுகிறது. விடுமுறை நாளில் பொழுதுபோக்காகக் கட்டப்படும் அந்தச் சிற்றடுப்புக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அது வெறும் சமையல் வரலாறு அன்று. உழைத்தோர் எவர், உண்டோர் எவர் என்னும் வினாவைத் தன்னுள் அடக்கிய வரலாறு ஆகும்.

'பார்பெக்யூ' என்னும் சொல் ஐரோப்பாவில் பிறந்ததன்று. கரிபியன் தீவுகளில் வாழ்ந்த தாயினோ மக்கள் கவைக்கோல்களை நட்டு, அவற்றின்மீது கழிகளைப் பரப்பி, கீழே மெல்லிய நெருப்பு மூட்டி மீனையும் இறைச்சியையும் வாட்டினர். அந்தச் சட்டத்தின் பெயரை ஸ்பானியர் 'பார்பகோவா' என வழங்கினர். ஓவியேடோ என்னும் ஸ்பானிய வரலாற்றாசிரியர் 1526இல் வெளியிட்ட நூலில் அச்சொல் இடம்பெற்றுள்ளது. 1492இல் கொலம்பஸ் வந்திறங்கிய பின், சில பத்தாண்டுகளுக்குள்ளேயே நோயாலும் கட்டாய உழைப்பாலும் அம்மக்களுள் பெரும்பாலோர் மாண்டனர். சொல்லைத் தந்தோர் மடிய, சொல் மட்டும் உலகை வலம்வந்தது.

வட அமெரிக்காவின் வர்ஜீனியா முதலிய பகுதிகளில் அது பெருவிருந்தாக வளர்ந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் 1769ஆம் ஆண்டு அலெக்சாண்டிரியா நகரில் நடந்த அத்தகைய விருந்துக்குச் சென்றதைத் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். 1793 செப்டம்பர் 18ஆம் நாள் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அவர் அடிக்கல் நாட்டியபோதும், 500 இராத்தல் எடையுள்ள எருது ஒன்று வாட்டப்பட்டு விருந்து நடைபெற்றது.

இவ்விருந்துகளுக்கு மண்ணில் நீண்ட குழி தோண்டுவர். ஓக், ஹிக்கரி போன்ற வன்மரங்களைத் தனியே எரித்து, சுடர் அடங்கிய தணலை மட்டும் குழியில் பரப்புவர். மேலே கழிகளை இட்டு, இறைச்சியைக் கிடத்தி, புளிக்காடியும் உப்பும் மிளகாயும் கலந்த நீரைத் தடவித் தடவித் திருப்புவர். சுடர் பட்டால் மேல் கருகும், உள் வேகாது. தணல் குன்றினால் இறைச்சி கெடும். ஆகவே இரவு முழுவதும் ஒருவர் விழித்திருந்தாக வேண்டும். தென் மாநிலங்களில் அவ்வாறு விழித்திருந்தோர் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்களே. 1936 முதல் 1938 வரை, முன்னாள் அடிமைகளின் வாய்மொழிகளை அமெரிக்க அரசு பதிவு செய்தது. அவற்றுள் இக்குழி வேலையைப் பற்றிய நினைவுகளும் உள்ளன. விருந்தளித்தவர் பெயரை நாளேடுகள் அச்சிட்டன. தணல் காத்தவர் பெயரை எவரும் கேட்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் குழி வீட்டுக் கொல்லைக்கு வந்தது. ஹென்றி ஃபோர்டு 1920களில், மிச்சிகன் மாநிலத்துத் தம் ஆலையில் வீணான மரத்துண்டுகளைக் கரியாக்கிப் பொடித்து, மாவுப்பசை சேர்த்துக் கட்டிகளாக்கி விற்றார். கலிபோர்னியாவின் 'சன்செட்' இதழ் நிறுவனம் 1938இல் இவ்வடுப்பைப் பற்றித் தனி நூலே வெளியிட்டது. சரளை பரப்பி அடித்தளம் இடுதல், உட்புறத்தில் தீச்செங்கல் பதித்தல், காற்றுக்கு வழி விடுதல் ஆகியவற்றை இல்லத்தார் தாமே கற்றனர். ஈரம் உண்ட ஆற்றுக்கல் சூட்டில் வெடிக்கும் என்பதும், புதிய அடுப்பைச் சிறு தீயால் மெல்லக் காயவைக்க வேண்டும் என்பதும் அக்கட்டடக் கலையின் பாலபாடங்கள். 1952இல் இலினாய் மாநிலத்தின் ஜார்ஜ் ஸ்டீபன், கடல் மிதவைக்கான உலோகக் கோளத்தை இரண்டாக்கி மூடியுள்ள அடுப்பைச் செய்தார். செங்கல் அடுப்புக்கு அது போட்டியாயிற்று.

ஆனால் கொல்லை இருந்தால்தானே அடுப்பு கட்டலாம்? 1947இல் நியூயார்க் அருகே லெவிட்டவுன் குடியிருப்பு எழுந்தபோது, வெள்ளையர் அல்லாதார் அங்குக் குடியிருத்தலாகாது என ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அவ்விதி பின்னர் நீக்கப்பட்டும் நடைமுறை தொடர்ந்தது. வீட்டுரிமையில் நிறவேற்றுமையைத் தடுக்கும் சட்டம் 1968இல்தான் நிறைவேறியது. குழி தோண்டிய கைகளுக்குக் கொல்லை மறுக்கப்பட்டது என்பதே இதன் பொருள்.

எனினும், வரலாறு அத்துடன் முடியவில்லை. 1865 ஜூன் 19ஆம் நாள் டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில் அடிமைகளின் விடுதலை அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு முதல் அந்நாளைக் கொண்டாடத் தொடங்கிய மக்கள், நாளடைவில் அதே தணலைத் தங்கள் விழாவின் நடுவில் வைத்தனர். பிறர் விருந்துக்காகக் கற்ற கைத்திறனால் தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் விருந்து சமைத்தனர். 2021இல் அந்நாள் அமெரிக்காவின் தேசிய விடுமுறை நாளாயிற்று.

நம் கொல்லையில் செங்கல் அடுக்கும்போது பிள்ளைகள் அருகில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கரி பற்றிக்கொள்ளச் சிறிது நேரம் ஆகும். அந்நேரத்தில் இவ்வரலாற்றை அவர்களுக்குச் சொல்லலாம். உண்பதற்கு முன், உழைத்தவரை நினைப்பதும் ஒரு கல்வியே.