ஹென்றி பாஸெட்

1858 செப்டம்பரில், இங்கிலாந்தின் ஸாலிஸ்பரிக்கு அருகே, தந்தையும் மகனும் கௌதாரி வேட்டைக்குச் சென்றனர். தந்தையின் துப்பாக்கியிலிருந்து தவறிப் பாய்ந்த ரவைகள் மகனின் இரு கண்களையும் போக்கின. ஹென்றி பாஸெட்டுக்கு அப்போது வயது 25. எடுத்த நோக்கத்தை மாற்றுவதில்லை என்று அவர் அன்றே உறுதி கொண்டார். தந்தையின் துயரத்துக்கு அதைவிடச் சிறந்த மருந்து வேறில்லை என்பது என் கருத்து.

1863-இல் கேம்பிரிட்ஜில் பொருளாதாரப் பேராசிரியரானார். 1865-இல் பாராளுமன்றம் புகுந்தார். 1867-இல் மணந்த மில்லிசென்ட் அம்மையார் அவருக்குக் கண்ணாக இருந்து படித்துக் காட்டினார், எழுதித் தந்தார். பெண்களின் வாக்குரிமைக்குப் பின்னாளில் தலைமை தாங்கியவரும் இவ்வம்மையாரே.

நான் கற்பித்த பாடநூல்கள் பாஸெட்டைச் சொல்லவில்லை. ஆயினும் நேயர்களே, நமக்கு அவர் அந்நியரல்லர். துருக்கி சுல்தானுக்கு 1867-இல் லண்டனில் நடன விருந்தளித்துவிட்டு, அச்செலவை இந்திய ஏழையின் வரிப்பணத்தில் எழுதினார்கள்! அதைச் சபையில் கண்டித்தவர் அவர். ‘இந்தியாவின் அங்கத்தினர்’ என்றே அவருக்குப் பெயர் வழங்கலாயிற்று.

1880-இல் கிளாட்ஸ்டன் அவரைத் தபால் இலாகாவின் தலைவராக்கினார். பார்சல் தபால் 1883-இல் அவர் காலத்தில் வந்தது. மறு ஆண்டே காலமானார். 1890-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதல் மாணவரையும் விஞ்சி நின்ற பிலிப்பா அவருடைய ஒரே மகள்.